பாதம் பொருத்திய அம்பு: ஒரு மர ஒட்டின் வரலாறு

அம்பின் தண்டாகும் மரத்திடம் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு குணங்கள் எதிர்பார்க்கப்படுகின்றன. நெடுந்தொலைவு விரைந்து செல்ல வேண்டுமாயின் தண்டு இலேசாக இருத்தல் வேண்டும். இலக்கில் தைக்கும் கணத்தில் மோதலின் வேகம் முழுவதையும் ஏற்கும் முன்பகுதியோ வைரம் பாய்ந்ததாகவும் சற்றுக் கனமானதாகவும் இருத்தல் வேண்டும். பைன், பாப்லர் போன்ற இலேசான மரங்கள் முதற்குணத்தைத் தருகின்றன. ஆனால் அவற்றால் செய்த அம்புகள் இரும்பு முனைக்குச் சற்றுப் பின்னால் முறிந்துபோகின்றன. வன்மரங்கள் எளிதில் முறிவதில்லை, ஆனால் அம்பு முழுவதையும் அவற்றாலேயே செய்தால் அது மந்தமாகப் பறந்து தொலைவுக்கு முன்பே தாழ்கிறது. இந்த முரண்பாட்டுக்கு விடையாகத் தோன்றியதே, இலேசான தண்டின் முன்னுனியில் வன்மரத் துண்டு ஒன்றை ஒட்டிச் சேர்க்கும் முறையாகும். அத்துண்டு அம்பின் தலைப்பக்கத்தில் அமைந்தாலும், ஆங்கிலேய அம்புத் தொழிலாளரின் வழக்கில் அதன் பெயர் ‘பாதம்’. அதனைப் பெற்ற அம்பு ‘பாதம் பொருத்திய அம்பு’. பல தலைமுறைகளாகக் கையும் கண்ணும் மட்டுமே அறிந்திருந்த ஓர் அளவு, தொழிலாளர் மறைந்தபின் மரச்சட்டம் ஒன்றுக்குள் குடிபுகுந்து பிழைத்துக்கொண்டது என்பதே இந்த ஒட்டின் வரலாறு.

இருவேறு துண்டுகளால் அம்பு செய்யும் எண்ணம் மிகப் பழையது. அது எந்த ஒரு நாட்டுக்கும் தனியுரிமையானதன்று. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகருக்கு அருகிலுள்ள ஸ்டெல்மோரில் 1930களில் ஆல்ஃபிரட் ரஸ்ட் அகழ்ந்தெடுத்த பைன்மர அம்புகள், பனியூழி முடியும் தறுவாயில் துருவமான்களை வேட்டையாடியவர்களுடையவை. அவற்றுள் சிலவற்றின் முன்பகுதி தனித்துண்டாகச் செய்து பொருத்தப்பட்டிருந்தது. அம்பில் முதலில் முறிவது முன்னுனியே ஆதலால், அதை மட்டும் மாற்றி நெடுந்தண்டைக் காப்பாற்றிக்கொள்ள இவ்வமைப்பு உதவியது. அந்த மூல அம்புகள் இரண்டாம் உலகப் போரில் அழிந்துபோயின. ஆல்ப்ஸ் மலையில் ஆஸ்திரிய–இத்தாலிய எல்லையை ஒட்டி 1991இல் பனிக்குள்ளிருந்து வெளிப்பட்ட, ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட ‘ஓட்சி’ என்னும் மனிதனின் அம்பறாத்தூணியில் 14 அம்புகள் இருந்தன. அவற்றுள் முற்றுப்பெற்றிருந்தவை இரண்டே. தண்டுகள் வைபர்னம் என்னும் புதர்ச்செடியின் கிளைகளாக இருக்க, முற்றுப்பெற்ற இரண்டில் ஒன்றின் முன்துண்டு மட்டும் டாக்வுட் என்னும் வேறு மரத்தால் ஆனது. எகிப்தில் 1922இல் திறக்கப்பட்ட துட்டன்காமனின் கல்லறையில் கிடைத்த அம்புகளில் பெரும்பாலானவை நாணல் தண்டுகளும் வன்மர முன்துண்டுகளும் கொண்டவை. கலிஃபோர்னியாவில் 1911இல் வெளியுலகுக்கு வந்த யாஹி குடியின் இறுதி மனிதர் இஷி, அம்பு செய்யும் முறையைச் சான்ஃபிரான்சிஸ்கோ மருத்துவர் சாக்ஸ்டன் போப்புக்குக் காட்டினார்; அவரும் இலேசான தண்டின் நுனியில் துளையிட்டு, கனமான மரத்துண்டைச் செருகி, விலங்கின் தசைநாரால் இறுகச் சுற்றும் வழக்கத்தை அறிந்திருந்தார்.

இவற்றுக்கும் ஆங்கிலேயரின் பாதத்துக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் கருதுதல் வேண்டும். நாணலிலும் மென்மையான நெட்டி ஓடும் கிளைகளிலும் வன்துண்டு தண்டுக்குள் நுழைகிறது. நாணலின் உட்புழையே அதற்கு இயற்கை தந்த பொருத்துவாய். பெரிய மரத்தைப் பிளந்து இழைத்தெடுத்த தண்டில் அத்தகைய புழை இல்லை. ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள திண்மையான தண்டில் துளையிட்டால், எஞ்சும் சுவர் காகிதம்போல் மெலிந்து பிளந்துவிடும். ஆகவே ஐரோப்பியத் தச்சு முறை அதைத் தலைகீழாக மாற்றியது: தண்டின் நுனி ஆப்பாகச் சீவப்பட்டது, வன்மரத்தின் வாய் நீளவாக்கில் பிளக்கப்பட்டது, இலேசான மரம் கனமான மரத்துக்குள் நுழைந்தது. இதனால் கிடைத்த நன்மை பெரிது. மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் பசை நன்றாகப் பற்றுவதில்லை. நார்கள் ஓடும் பக்கவாட்டு முகத்தில்தான் அது உறுதியாகப் பிடிக்கிறது. நீண்ட ஆப்பு, ஒட்டும் பரப்பு ஏறத்தாழ முழுவதையும் பக்கவாட்டு முகமாகவே ஆக்கிவிடுகிறது. மேலும், ஒரு மரம் முடிந்து மற்றொரு மரம் தொடங்கும் இடம் ஒரே வெட்டாக அமையாமல் ஒரு சாணுக்குக் குறைவான நீளத்தில் பரவி நிற்பதால், அதிர்ச்சி தேங்கி முறிவை உண்டாக்கும் இடமும் இல்லாமற்போகிறது.

இடைக்கால இங்கிலாந்தில் வில் செய்வதும் அம்பு செய்வதும் வெவ்வேறு தொழில்கள். லண்டன் அம்புத் தொழிலாளர் 1371இல் வில் தொழிலாளரிடமிருந்து பிரிந்து தனித் தொழிற்குழுவாயினர். ஒருவரே இரு தொழிலையும் மேற்கொண்டால் இரண்டிலும் தரம் கெடும் என்ற கருத்து அப்பிரிவினைக்கு அடிப்படையாக இருந்தது. அரசும் அம்பு மரத்தைத் தன் கண்காணிப்பில் வைத்திருந்தது. ஐந்தாம் ஹென்றியின் ஆட்சியில், 1416இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, ஆஸ்பென் மரம் அம்புக்கு வேண்டப்படுவதால் மரமிதியடி செய்வோர் அதைத் தொடக்கூடாது என்று தடை விதித்தது. ஆயிரக்கணக்கில் செய்து போர்க்களத்தில் எய்து கைவிடப்பட்ட அப்படை அம்புகளுக்கு நுணுக்கமான பாதம் தேவைப்படவில்லை. 1545 ஜூலை 19 அன்று சோலண்ட் நீரிணையில் மூழ்கிய ‘மேரி ரோஸ்’ போர்க்கப்பலிலிருந்து மீட்கப்பட்ட ஏறத்தாழ 3,500 அம்புகளில் பெரும்பாலானவை பாப்லர் மரத்தவை. எனினும் அவற்றிலும் ஓர் ஒட்டு வேலை இருந்தது. நாணைப் பொருத்துவதற்காகத் தண்டின் பின்முனையில் வெட்டப்படும் பிளவுக்குக் குதை என்று பெயர். நாணின் உதைப்பில் அக்குதை பிளந்துவிடாதபடி, மெல்லிய கொம்புத் தகடு ஒன்று அதற்குக் குறுக்காகச் செருகி ஒட்டப்பட்டது. அடிபடும் இடத்தில் மட்டும் வலிய பொருளை வைக்கும் சிக்கனம், பின்முனையில் கொம்பாகவும் முன்முனையில் பாதமாகவும் வடிவெடுத்தது எனலாம்.

மேரி ரோஸ் மூழ்கிய அதே 1545இல், ரோஜர் ஆஸ்கம் எட்டாம் ஹென்றிக்குக் காணிக்கையாக்கிய ‘டாக்ஸோஃபிலஸ்’ என்னும் வில்வித்தை நூல் வெளிவந்தது. பிற்காலத்தில் அரசியாகிய எலிசபெத்துக்கு ஆசிரியராக விளங்கிய ஆஸ்கம், அம்புக்கு ஏற்ற மரங்களாகப் பதினைந்தை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் குணத்தையும் ஆராய்ந்தார். படை அம்புகளுக்கு வழக்கத்திலிருந்த ஆஸ்பெனைவிட ஆஷ் மரமே சிறந்தது என்பது அவர் முடிவு. பாத ஒட்டைப் பற்றி அவர் கூறுவன இரண்டு. இரண்டும் இன்றளவும் பொருளுடையன. பிரேசில், ஹாலி முதலிய கனத்த மரங்களை நுனியில் ஒட்டுவதன் பயன், எடையைத் தண்டின் முன்பகுதியில் படிப்படியாகப் பரப்புவதே என்பது முதற்செய்தி. கனம் முழுவதும் உலோக முனையில் மட்டும் குவிந்து, அதை அடுத்த மரம் இலேசாக இருந்தால் அம்பு தலைகவிழ்ந்து நேராகப் பறவாது என்று அவர் விளக்கினார். ஒட்டில் இரண்டு கூர்களே போதும் என்பது அடுத்த செய்தி. கூர்கள் மிகுந்தால் மண்ணின் ஈரம் உள்ளே புகுந்து பசையை இளக்கிவிடும். அவை கண்ணுக்குத் தரும் இன்பம் பயனில் இல்லை என்பது அவரது எச்சரிக்கை. விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரப் பசையையே நம்பியிருந்த காலத்தில், அம்பு ஒவ்வொன்றும் நனைந்த புல்தரையில் ஊன்றி நிற்க வேண்டியிருந்த நாட்டில், இது மரத்தின் இயல்பை நன்கு அறிந்த ஒருவரின் கூற்று.

ஆஸ்கம் குறிப்பிடும் ‘பிரேசில்’ என்னும் பெயரில் ஆசியாவின் நினைவு தங்கியுள்ளது. 1500இல் போர்ச்சுகீசியர் தென் அமெரிக்கக் கரையை அடைவதற்கு முன்பே, ஐரோப்பியர் தெற்காசியாவிலிருந்தும் தென்கிழக்காசியாவிலிருந்தும் இறக்குமதியான சிவப்புச் சாயமரத்தை அப்பெயரால் அழைத்து வந்தனர். தமிழில் பதிமுகம் எனப்படும் மரமே அது. அதனோடு உறவுடைய மற்றொரு சிவப்பு மரம் அமெரிக்கக் கரையில் மிகுதியாகக் காணப்பட்டபோது, பழைய பெயர் புதிய மரத்துக்கும், மரத்தின் பெயர் பின்னர் நாட்டுக்கும் சூட்டப்பட்டது. சாயத்துக்காகக் கடல் கடந்து சென்ற ஒரு மரத்தின் பெயர் ஆங்கிலேய அம்பின் நுனிவரை சென்று சேர்ந்தது என்பது, பழைய வணிகவழிகளின் நீளத்தைக் காட்டும் சான்றுகளுள் ஒன்று.

துப்பாக்கி பரவியபின், 16ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஆங்கிலப் படையில் வில் தன் இடத்தை இழந்தது. ஆனால் பாத ஒட்டின் பொற்காலம் அதற்குப் பிறகே வந்தது. 1781இல் சர் ஆஷ்டன் லீவர் லண்டனில் நிறுவிய டாக்ஸோஃபிலைட் சங்கம் வில்வித்தையைச் செல்வர்களின் விளையாட்டாக மீட்டெடுத்தது. 1844இல் யார்க் நகரில் முதல் தேசியப் போட்டி நடைபெற்றது. யார்க் சுற்று எனப்படும் போட்டியில் ஒருவர் 100 கஜத்தில் 72, 80 கஜத்தில் 48, 60 கஜத்தில் 24 என 144 அம்புகளை எய்ய வேண்டும். போர்க்களத்து அம்பு எய்தவனிடம் திரும்பி வருவதில்லை. போட்டி அம்போ ஒரே நாளில் பலமுறை வைக்கோல் இலக்கில் தைத்து, இழுத்தெடுக்கப்பட்டு, மீண்டும் நாணேறுகிறது. வலிய நுனியின் தேவை இவ்வாறு பன்மடங்கு பெருகியது. 1849 முதல் 1859 வரை தொடர்ந்து பதினோர் ஆண்டுகள் சாம்பியனாக விளங்கியவரும், 1857இல் இரட்டை யார்க் சுற்றில் 1,251 புள்ளிகள் எடுத்தவருமான ஹோரஸ் ஃபோர்டு, 1856இல் வெளியிட்ட நூலில் ஒரே மரத்தாலான அம்பைவிடப் பாதம் பொருத்திய அம்பையே உயர்த்திக் கூறினார். எடின்பரோவின் பீட்டர் மியூர், லண்டனின் தாமஸ் ஆல்ட்ரெட் போன்ற தொழில்முறைக் கைவினைஞர்கள் அவருடைய காலத்தவர்கள். அக்காலத்து ஆங்கில அம்புகள் வெள்ளி நாணயங்களை எடைக்கல்லாகக் கொண்டு நிறுக்கப்பட்டன. ஐந்து ஷில்லிங் எடையுள்ள அம்பு என்றால் அது ஏறத்தாழ 28 கிராம் ஆகும்; ஷில்லிங்கிலும் பென்ஸிலும் குறித்த எடை அம்பின் மீதே எழுதப்பட்டது. ஒரு கட்டில் உள்ள அம்புகள் அனைத்தும் ஒரே எடையும் ஒரே விறைப்பும் கொண்டிருக்க வேண்டும் என்ற கோரிக்கை இக்காலத்தில்தான் தொழிலின் மையத்துக்கு வந்தது.

அந்தக் கோரிக்கையை நிறைவேற்றுவதில் உள்ள அருமையை உணர, ஒட்டு உருவாகும் விதத்தை அருகிலிருந்து நோக்குதல் வேண்டும். ஏறத்தாழ ஒரு சாண் நீளமுள்ள சதுரமான வன்மரக் குச்சி, அதன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குவரை நடுவே இரம்பத்தால் அறுக்கப்படுகிறது. தண்டின் நுனி, ஏறத்தாழ 150 மில்லிமீட்டர் நீளத்துக்கு, எதிரெதிரான இரண்டு பக்கங்களில் மட்டும் சாய்வாக இழைக்கப்படுகிறது. ஆப்பின் கடைசி விளிம்பு இரம்பம் விட்டுச்சென்ற அறுப்புத் தடத்தின் அகலத்துக்கு, அதாவது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டருக்கு, சரியாக இருத்தல் வேண்டும். தடிப்பாக இருந்தால் அது தடத்தின் அடியை எட்டாது, மெல்லியதாக இருந்தால் அடியில் இடைவெளி தங்கிவிடும். பசை தடவி ஆப்பை உள்ளே தள்ளும்போது, வன்மரத்தின் இரு நாக்குகளும் முதலையின் வாய்போல் விரிந்து தண்டைக் கவ்வுகின்றன. கயிற்றால் இறுகச் சுற்றிக் காயவைத்தபின், புறத்தே துருத்திக்கொண்டிருக்கும் வன்மரம் தண்டின் மட்டத்துக்கு இழைக்கப்படுகிறது. அப்போது நாக்குகள் நுனியை நோக்கி மெலிந்து மெலிந்து ஒன்றுமில்லாமற் போகின்றன. சதுரம் எண்கோணமாகி, எண்கோணம் உருளையாகும்போது, தட்டையான சாய்தளம் உருளைப் பரப்பை வெட்டும் கோடு நீண்ட கூர்முனையாக வெளித்தோன்றுகிறது. வெளிர்மரத்தின் மீது கருமரம் ஈட்டிபோல் ஏறி நிற்கும் அந்த அழகை எவரும் செதுக்குவதில்லை; சாய்தளமும் உருளையும் சந்திப்பதால் அது தானே பிறக்கிறது. ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு தளங்களில் ஒட்டு அமைந்தால் நான்கு கூர்கள் தோன்றும். அதற்கு நாற்கூர் ஒட்டு என்று பெயர்.

மேற்கண்ட வேலையில் பிழைக்கு இடமளிக்கும் படி ஒன்றே: ஆப்பின் சாய்வு. நாற்பதுக்கு ஒன்று என்ற அளவிலான அச்சாய்வு இரண்டு பக்கங்களிலும் சமமாக இல்லாவிட்டால், தண்டின் மையக்கோடு பாதத்தின் மையக்கோட்டிலிருந்து விலகி அம்பு கோணிவிடும்; கூர்களில் ஒன்று நீண்டும் மற்றொன்று குறுகியும் போகும். தொழிற்குழுவில் பயின்ற கைவினைஞருக்கு இது பழகிய கையின் வேலை. அப்பயிற்சி இல்லாதவர்க்கு உதவுவது பட்டறைகளில் ‘ஜிக்’ எனப்படும் வழிச்சட்டம், அதாவது கருவி ஒரே தடத்தில் ஒரே அளவுக்கு மட்டுமே செல்லும்படி கட்டுப்படுத்தும் சட்டம். வன்மரப் பலகை ஒன்றில் தண்டின் அகலத்துக்கு ஒரு காடி எடுக்கப்படுகிறது. காடியின் அடித்தளம் நுனியை நோக்கி, வேண்டிய சாய்வின்படி மெல்ல உயர்கிறது. தண்டைக் காடியில் கிடத்தினால், நீக்கப்பட வேண்டிய மரம் மட்டுமே காடியின் விளிம்புகளுக்கு மேலே துருத்தி நிற்கும். இழைப்புளியை விளிம்புகளின் மேல் ஓட்டினால், மிகுதி சுருள் சுருளாக உதிர்ந்து, இழைப்புளியின் அடி விளிம்பைத் தொட்டதும் சீவல் தானாகவே நின்றுவிடும். அளவுகோலும் கண்மதிப்பும் அங்கே தேவைப்படுவதில்லை.

ஆனால் தண்டைத் திருப்பி இரண்டாம் பக்கத்தை இழைக்கும்போது ஒரு சிக்கல் எழுகிறது. முதலில் இழைத்த பக்கம் இப்போது கீழே வந்து, சாய்ந்த அடித்தளத்தில் படிந்து அமிழ்ந்துவிடுவதால், துருத்த வேண்டிய மரம் விளிம்புக்கு மேலே எழுவதில்லை. இதற்கான தீர்வு, நீக்கப்பட்ட மரத்தின் அதே சாய்வும் அதே நீளமும் கொண்ட மெல்லிய ஆப்புத்துண்டு ஒன்றைத் தண்டுக்கு அடியில் இடுவதாகும். போன மரத்தின் இடத்தை அது நிரப்ப, தண்டு பழைய உயரத்துக்கே திரும்புகிறது. உருட்டும் வேலைக்கும் இத்தகைய பலகைகள் உண்டு: ஆழம் மாறும் கோணக்காடிகள் வரிசையாக வெட்டப்பட்ட பலகையில் சதுரக் குச்சியைக் கிடத்தி, மூலைகளைச் சீவி எட்டுப் பக்கமாகவும், பின்னர் பதினாறு பக்கமாகவும் ஆக்கி, இறுதியில் உப்புத்தாளால் தேய்த்து உருளையாக்குவர். இத்தகைய சட்டத்தின் பயன் ஓர் அம்பைச் சரியாகச் செய்வது மட்டுமன்று. பன்னிரண்டாம் அம்பும் முதலாம் அம்பைப் போலவே அமையும் என்ற உறுதியே அதன் பெரும்பயன்.

அந்த உறுதி ஏன் தேவை என்பதை அறிவியல் பின்னரே விளக்கியது. 1930களில் அமெரிக்க இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் அதிவேக ஒளிப்படக் கருவியால் பதிவுசெய்த காட்சிகள், வில்லைக் கடக்கும் அம்பு நேராகச் செல்லாமல் பாம்புபோல் வளைந்து நெளிந்து, வில்லின் உடலைச் சுற்றிக்கொண்டு போவதைக் காட்டின. தண்டின் விறைப்பு வில்லின் வலிமைக்குப் பொருந்தினால் மட்டுமே அந்நெளிவு அம்பை இலக்கை நோக்கிச் செலுத்தும். பாதத்தின் நீளமோ சாய்வோ மாறினால் முன்பகுதியின் விறைப்பும் எடையும் மாறும். ஒரே கையால் ஒரே விதமாக எய்யப்பட்ட அம்புகள் வெவ்வேறு இடங்களில் தைக்கும்.

அமெரிக்காவில் இத்தொழில் புதிய மரத்தையும் புதிய கைகளையும் பெற்றது. 1879இல் தேசிய வில்வித்தைச் சங்கம் அங்கே தோன்றியபின், ஒரிகன் மாநிலத்தின் தென்மேற்குக் கரையிலும் வடகலிஃபோர்னியாவிலும் வளரும் போர்ட் ஆர்ஃபர்ட் சிடார் காலப்போக்கில் அம்புத்தண்டுக்கு மிகச் சிறந்த மரமாக நிலைபெற்றது. பெயரில் சிடார் என்றிருந்தாலும் அது சைப்ரஸ் இனத்தது; நார்கள் நேராக ஓடுவதும், எடைக்கு மிஞ்சிய விறைப்பு உடையதும், இழைக்கும்போது இஞ்சி போன்ற மணம் வீசுவதும் அதன் இயல்பு. 1922இல் கலிஃபோர்னியாவின் வாட்சன்வில்லில் தொழிலைத் தொடங்கிய டக் ஈஸ்டன், சிடார் தண்டில் பாதம் பொருத்திய அம்புகளால் பெயர் பெற்றவர். மரம் ஒவ்வொன்றும் மற்றொன்றிலிருந்து வேறுபடும் என்ற தடையோடு போராடிய அவரே, 1939 அளவில் அலுமினியக் குழாயால் அம்பு செய்யத் தொடங்கினார். 1941இல் லாரி ஹியூஸ் அத்தகைய அம்புகளால் தேசியப் பட்டம் வென்றார். எடையும் விறைப்பும் இம்மியும் மாறாத குழாய்களை ஆலை உருவாக்கியதும், ஒரே சீரான பன்னிரண்டு மர அம்புகளுக்காகப் பணம் கொடுப்போர் குறைந்தனர். தொழில்முறைப் பட்டறைகள் பாத ஒட்டைக் கைவிட்டன. 1952 முதல் வேரழுகல் நோய் போர்ட் ஆர்ஃபர்ட் சிடாரின் தாயகக் காடுகளிலேயே பரவி, நல்ல தண்டுமரத்தையும் அரிதாக்கியது.

ஆயினும் ஒட்டு அழியவில்லை. வீட்டுப் பட்டறைகளுக்குக் குடிபெயர்ந்தது. 1951இல் தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் நெடுவில் சங்கம் போன்ற அமைப்புகள் மரத்தண்டும் இறகும் கொண்ட அம்புகளையே ஏற்றுக்கொள்வதால், அவற்றை விரும்புவோர் பலர் தாமே செய்துகொள்ளும் நிலை உருவாயிற்று. ஆசான் இல்லாத அவர்களுக்கு வழிச்சட்டமே ஆசான். மின் இரம்ப மேசையில் பாதத்தைப் பிளக்கும் பிடிச்சட்டம், ஒட்டிய பகுதியை இறுக்கச் சைக்கிள் டியூப் கீற்றுகள், துளையிடும் மின்கருவியில் தண்டைச் சுழலவிட்டு உப்புத்தாளால் உருட்டும் முறை எனக் கருவிகள் மாறியுள்ளன. ஊதா நிறத் தென் அமெரிக்க மரங்களும் ஆப்பிரிக்க வன்மரங்களும் பாதமாக அமைகின்றன. ஈரத்துக்கு இளகாத எப்பாக்சி பசை வந்தபின், கூர்கள் மிகுவதற்கு ஆஸ்கம் கண்ட தடையும் நீங்கிவிட்டது. நாற்கூர் ஒட்டின் அழகைத் தயக்கமின்றி இன்று எவரும் நாடலாம். ஆனால் நாற்பதுக்கு ஒன்று என்ற சாய்வும், தண்டைத் திருப்பிப் பிடிக்கும்போது அடியிலிட வேண்டிய ஆப்புத்துண்டும் மாறவில்லை. விரலளவு அகலமும் சில கிராம் எடையும் உள்ள அந்த ஆப்புத்துண்டு எந்த அம்பிலும் இடம்பெறுவதில்லை, எந்த இலக்கையும் அடைவதில்லை. பட்டறைப் பலகையில் தங்கியிருந்து, அடுத்த தண்டுக்கும் அதற்கடுத்த தண்டுக்கும் சரியான உயரத்தைச் சொல்லிக்கொடுப்பதே அதன் பணி. தொழிற்குழுவின் மூத்த கைவினைஞர் ஒருவர் இளையவரின் அருகில் நின்று செய்த பணியும் அதுவே.